பரப்புக் குறைந்த பார்வை

கண்ணோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டு ஜனங்களின் மனத்தில் தோன்றுவன இரண்டே. ஒன்று, முதியோர் கண்ணிற் படரும் புரை. மற்றொன்று, எழுத்துத் தெளிவாய்த் தோன்றாமையால் மூக்குக் கண்ணாடி அணிய நேரும் குறை. முன்னதைச் சத்திர சிகிச்சையாலும் பின்னதைக் கண்ணாடியாலும் தீர்த்துக்கொள்ளலாம் என்பதை இக்காலத்தில் பவானி ஆற்றங்கரைச் சிற்றூர்களிலுள்ள சிறுவரும் அறிவர். இவ்விரண்டிற்கும் வேறான கண்ணோய் ஒன்று உண்டு. அதனை உடையவர்க்குக் கண்ணின் கூர்மை நெடுங்காலம் குன்றுவதில்லை. கண்ணின் பரப்போ ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே வரும். மருத்துவ நூலார் அதனை 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்பர். கண்ணின் உட்புறத்தே உள்ள விழித்திரையைப் பற்றிய நோய் அது.

அந்நோயின் இயல்பை விளக்குவது மாத்திரம் எமது நோக்கமன்று. அதனை உடையவரும் மறைக்கின்றனர். அவர்தம் குடும்பத்தாரும் மறைக்கின்றனர். அவ்வாறு மறைக்குமாறு அவர்களை நெருக்குவது நம் சமூகத்தின் போக்கே. இம்மறைப்பு, நோயாளியின் துன்பத்தைப் பெருக்குவதோடு, நோயை அடுத்த தலைமுறைக்கும் கொண்டு செல்கின்றது. இதுவே ஈண்டு யாம் கூறப் புகுந்த பொருள்.

பார்வை என்பது ஒன்றே போலத் தோன்றினும் அதற்கு அளவுகள் இரண்டு. எதிரே உள்ளதொன்றைக் கூர்ந்து காண்பது ஓர் அளவு. வைத்தியசாலையில் ஆறு மீட்டர்த் தூரத்தில் எழுத்துப் பலகையை வைத்து, கீழ்வரி வரையிற் படிக்கச் சொல்லிச் சோதிப்பது இவ்வளவையே. ஒன்றை நோக்கியிருக்கும்போதே அதனைச் சூழ உள்ளவற்றையும் உடன் காண்பது மற்றோர் அளவு. நல்ல கண்ணொன்று, நேரே நோக்கியவண்ணமே, காதுப்புறத்தில் ஏறக்குறைய 90 பாகை வரையிலும், மூக்குப்புறத்தில் 60 பாகை வரையிலும், மேலே 60, கீழே 70 பாகை வரையிலும் காணவல்லது. இரு கண்ணும் சேர்ந்தால் இடமும் வலமும் சுமார் 180 பாகை நம் ஆட்சிக்கு உட்படும். வண்டி வருவதை முகம் திருப்பாமலே அறிந்து விலகுவதும், படியைக் குனிந்து பாராமலே இறங்குவதும், கூட்டத்திற் பிறர்மேல் மோதாமல் நடப்பதும் இப்பரப்பினாலேயே ஆவன. இஃது இயல்பாய் அமைந்துவிட்டமையால் இதன் அருமை நமக்குத் தோன்றுவதில்லை.

இந்நோயில் இப்பரப்பே போய்விடுகின்றது. முதிர்ந்த நிலையில் எஞ்சுவது நடுவேயுள்ள ஒரு சிறு வட்டம். அதன் அளவை அறிய வேண்டுவோர், ஒரு கையை நேரே நீட்டி விரல்களை மடக்கி முட்டியைப் பார்க்கக் கடவர். அம்முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. உலகத்தில் அம்முட்டி மறைக்கும் இடம் மாத்திரமே தெரிந்து, ஏனையவெல்லாம் இல்லையாய்ப் போயினவென்று எண்ணிப் பார்த்தால் நோயாளியின் நிலை ஒருவாறு விளங்கும். அச்சிறு வட்டத்திற்குள்ளோ எழுத்துத் தெளிவாய்த் தெரியக்கூடும். ஊசியிலும் நூல் கோக்கக்கூடும்.

பவானியைச் சார்ந்தவர்களுக்கு இதனை விளக்க ஓர் எளிய உவமை உண்டு. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த வில்லியம் காரோ என்பவர், 1804 ஆம் ஆண்டில் சங்கமேசுவரர் கோயில் அம்மனுக்குத் தந்தக் கட்டில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்த செய்தி அவ்வூரார் யாவரும் அறிந்ததே. அவர் கோயிலினுள் நுழையாமல், மதிலில் மூன்று துளைகள் இடுவித்து, அவற்றின் வழியே அம்மனைத் தரிசித்தார் என்று ஊரார் சொல்லுவர். துளையின் வழியே காண்பவனுக்கு அம்மன் திருமுகம் நன்றாய்த் தெரியலாம். தன் பக்கத்தில் யார் நிற்கின்றார், காலடியில் என்ன கிடக்கின்றது என்பது தெரியாது. அத்துரை வேண்டும்போது துளையை விட்டு விலகிப் பரந்த உலகைப் பார்த்திருப்பார். இந்நோயுடையானோ தன் ஆயுள் முழுதும் துளையின் வழியே பார்ப்பவன். விலகி நிற்க அவனுக்கு இடமில்லை.

இனி இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம். விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் இருவகை. கோல் போன்றவை ஒருவகை. கூம்பு போன்றவை மற்றொரு வகை. கோலணுக்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு கோடி. மங்கிய ஒளியில் காண உதவுவனவும், ஓரப் பார்வையைத் தருவனவும் பெரும்பாலும் இவையே. கூம்பணுக்கள் ஏறத்தாழ அறுபது லட்சம். பகலொளியில் நிறங்களையும் நுண்ணிய வடிவங்களையும் காட்டுவன இவை. விழித்திரையின் நடுவே நெருங்கி அமைந்தவை. இந்நோயில் முதலில் அழிவன கோலணுக்கள். ஆதலின் இரவில் பார்வை மங்குதல் முதற்குறியாகத் தோன்றுகின்றது. பலருக்கு இது பிள்ளைப் பருவத்திலோ வாலிபத்திலோ தொடங்கும். பின்னர், நோக்கும் இடத்தைச் சூழ வளையம்போல ஒரு பகுதி மறையும்; வளையம் வெளியேயும் உள்ளேயும் விரியும்; இறுதியில் நடுவட்டம் மாத்திரம் நிற்கும். நாளடைவில் கூம்பணுக்களும் நலிவதால் அவ்வட்டமும் சிலர்க்கு மறைந்துபோவதுண்டு. இவையெல்லாம் பல ஆண்டுகளில், பலர்க்குப் பல பத்தாண்டுகளில், வலியின்றி நிகழ்வன. வலியில்லாமையே இதன் வஞ்சகம். தன் பரப்புக் குறைவதைத் தானே அறியாதிருப்பார் பலர்.

1851 இல் ஜெர்மனி தேசத்து ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள மனிதரின் கண்ணுள்ளே நோக்கும் கருவியைக் கண்டுபிடித்த பின்னரே இந்நோய் மருத்துவர் கண்ணுக்குப் புலனாயிற்று. விழித்திரையில் எலும்பணுக்களைப் போன்ற கருநிறப் புள்ளிகள் சிதறிக் கிடப்பதைக் கண்டனர். ஒல்லாந்து தேசத்து டாண்டர்ஸ் 1857 இல் இதற்கு இப்பெயரை இட்டார். அப்பெயர் விழித்திரை அழற்சி என்று பொருள்படுவது. இந்நோய் அழற்சியன்று என்பது பின்னர்த் தெளிந்தும் பழம்பெயரே நிலைத்துவிட்டது. 1945 இல் சுவீடன் தேசத்துக் கார்ப்பே, ஒளிபட்டவுடன் விழித்திரையில் எழும் மின்னோட்டத்தை அளந்து இந்நோயை அறியும் முறையைக் காட்டினார். 1990 இல் அமெரிக்காவில் டிரைஜாவும் அவர் துணைவரும், ரோடாப்சின் என்னும் ஒளியுணர் பொருளுக்குரிய மரபணுவில் நேரும் ஒரு சிறு மாறுதல் இந்நோய்க்குக் காரணமாதலைக் கண்டனர். இந்நாளில் இந்நோய்க்குரியனவாக அறியப்பட்ட மரபணுக்கள் எண்பதுக்கும் மேற்பட்டவை. ஆகவே இஃது ஒரு நோய் என்பதினும், ஒரே போக்குடைய பல நோய்களின் கூட்டம் என்பதே பொருந்தும்.

உலகில் ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒருவர் இந்நோயுடையார் என்பது பொதுவான கணக்கு. அதுபற்றியே இது அரிய நோய் எனப்படுகின்றது. ஆனால் நம் தமிழ்நாட்டில் அது அத்துணை அரிதன்று. 1978 இல் சென்னையில் டாக்டர் பத்ரிநாத் அவர்களால் நிறுவப்பட்ட சங்கர நேத்ராலயாவைச் சார்ந்த ஆராய்ச்சியாளர், நாற்பது வயதுக்கு மேற்பட்டாரைச் சோதித்து 2008 இல் வெளியிட்ட முடிவின்படி, நாட்டுப்புறத்தில் 372 பேருக்கு ஒருவரும் நகரத்தில் 930 பேருக்கு ஒருவரும் இந்நோயுடையராய்க் காணப்பட்டனர். அச்சோதனை சென்னையிலும் அதனை அடுத்த ஊர்களிலும் நிகழ்ந்தது. அவ்வெண்களை அப்படியே கொங்கு நாட்டிற்கு ஏற்றிச் சொல்லுதல் முறையன்று. எனினும், பிற தேசங்களில் ஆயிரக்கணக்கானோருள் ஒருவர்க்கு வருவது, தமிழகத்துச் சிற்றூர்களில் சில நூற்றுவருள் ஒருவர்க்கு வருமாயின், அதன் காரணத்தை நாம் ஆராயக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

இந்நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் வழிகள் மூன்று. தாய் தந்தையருள் ஒருவர் நோயாளியாயிருந்து, பிள்ளைகளுட் பாதிப்பேருக்கு வரக்கூடிய நிலை ஒன்று. தாய் நோயின்றித் தாங்கியிருந்து, ஆண்மக்களுட் பாதிப்பேருக்கு வரக்கூடிய நிலை மற்றொன்று. மூன்றாவதே நம் நாட்டுக்குப் பெரிதும் உரியது. அதில் தாயும் நோயற்றவள், தந்தையும் நோயற்றவன், இருவரும் பழுதுற்ற ஒரே மரபணுவை ஒற்றைப்படியாய்த் தாங்கியிருப்பர். அத்தகையோர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு இடமுண்டு. கூடுதுறையில் காவிரியோடும் பவானியோடும் அமுதநதி என்பதொன்று கண்ணுக்குத் தெரியாமல் வந்து கலக்கின்றது என்பது ஐதிகம். அதுபோலப் பல தலைமுறைகளாக ஒரு குடும்பத்தில் மறைந்து ஓடிய பழுது, அதே பழுதைத் தாங்கிய மற்றொரு கிளையோடு கூடும்போது வெளிப்படுகின்றது.

இரு கிளைகளும் ஒரே பாட்டனிடமிருந்து பிரிந்தனவாயின் இக்கூட்டம் நிகழ்வது எளிதென்பது சொல்லாமலே விளங்கும். மாமன் மகளும் அத்தை மகனும் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக உடையவர். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கை உடையவர். 2019 முதல் 2021 வரை இந்திய அரசினர் நடத்திய ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களுள் உறவுக்குள்ளே மணந்தவர் இந்தியா முழுவதிலும் நூற்றுக்குப் பதினொருவர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபத்தெண்மர். அம்மட்டில் தமிழகத்தை மிஞ்சிய மாகாணம் வேறில்லை.

கொங்கு நாட்டார் சிலர் இவ்விடத்தில் ஒரு தடை நிகழ்த்துவர். 'நாங்கள் ஒரே கூட்டத்துள் பெண் கொள்வதில்லை. ஒரு குலத்தார் அனைவரையும் உடன்பிறந்தாராகவே கொள்கின்றோம். எங்களுக்கு இரத்தக் கலப்பு ஏது?' என்பர். அவ்வழக்கம் பாராட்டற்குரியதே. ஆனால் கூட்டம் என்பது தந்தைவழியை மாத்திரம் எண்ணுவது. தாய்மாமன் வேறு கூட்டத்தான். அவன் இரத்தம் வேறன்று. மரபணு தந்தைவழிக்கு ஒரு நீதியும் தாய்வழிக்கு ஒரு நீதியும் செய்வதில்லை. 'எங்கள் பாட்டனார் காலந்தொட்டு உரிமைப் பெண்ணையே மணந்து வருகின்றோம். எல்லாரும் நல்ல கண்ணோடுதான் இருக்கின்றோம்' என்பது மற்றொரு தடை. அதுவும் உண்மையாகலாம். உறவில் மணந்தார் மிகப் பலர்க்கு இந்நோய் வருவதில்லை. உறவல்லாத மணத்திலும் இந்நோய் தோன்றுவதுண்டு. ஆகவே உரிமை மணத்தைக் குற்றமென்று யாம் சாற்றவில்லை. வழக்கம்பற்றி இந்நாட்டுச் சட்டமும் அதனை ஒப்புகின்றது. ஒரு குடும்பத்தில் இந்நோய் தோன்றிவிட்ட பின்னரும், அதனை அறிந்த பின்னரும், அதே குடும்பத்துள் மீண்டும் மீண்டும் பெண் கொடுத்துப் பெண் கொள்வதையே தகாதென்கின்றோம். நிலம் வெளியே போகாது, நகை வெளியே போகாது என்று எண்ணிச் செய்யும் அவ்விவாகத்தில் நோயும் வெளியே போவதில்லை.

அறிந்த பின்னும் ஏன் அவ்வாறு செய்கின்றனர்? இவ்விடத்திலேதான் மறைப்பு வந்து நுழைகின்றது. மூத்தவனுக்கு மாலையில் கண் தெரியவில்லை என்று ஊரார் அறிந்தால் இளையவளுக்கு வரன் அமையாது என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். வெளியார் கேள்வி கேட்பர், உறவினர் கேட்கமாட்டார். ஆதலின் உறவிலேயே மணம் முடிக்கின்றனர். இவ்வாறாக, நோயை மறைக்கும் பொருட்டுச் செய்யும் மணமே நோய்க்கு வழி திறந்துவிடுகின்றது. கணவன் வீட்டாருக்குச் சொல்லாமல் மணஞ்செய்து கொடுக்கப்பட்ட பெண்ணின் நிலையோ நினைக்கவும் இரங்கத்தக்கது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் வாயிற்படியில் இடறுகின்றாள், குடத்தைத் தட்டிவிடுகின்றாள், தவழ்ந்து வரும் குழந்தையின் கையை மிதித்துவிடுகின்றாள். பகலில் அரிசியிற் கல் பொறுக்குகின்றவள் இரவில் இவ்வாறு செய்வதைக் கண்ட மாமியார், மருமகள் வேண்டுமென்றே செய்கின்றாள் என்று கருதுகின்றாள். உண்மை வெளிப்படும் நாளில், நோயைக் காட்டிலும் வஞ்சனையே பெரிதாய்ப் பேசப்படும். அவள் ஒரு குற்றமும் செய்யாதிருந்தும் பிறந்தகத்திற்கு அனுப்பப்படுகின்றாள். அவளுடைய பெற்றோர் அவளைக் காக்கும் பொருட்டே மறைத்தனர்; அம்மறைப்பே அவளைக் கெடுத்தது.

நோயாளி தானே மறைப்பதற்கும் காரணம் உண்டு. ஓர் இளைஞனை எண்ணிப் பார்ப்போம். அவன் பவானியில் ஜமக்காளத் தறிக்குழியில் அமர்ந்து பகலெல்லாம் நெய்கின்றான். எதிரேயுள்ள இழையும் நிறமும் அவனுக்கு நன்கு தெரிகின்றன. நாடா ஓரத்திற்குச் செல்லும்போது மாத்திரம் தலையைத் திருப்பித் தேடுகின்றான். மாலையில் கடைவீதி வழியே வீடு திரும்புகின்றான். எதிரே வந்த ஆசிரியர் வணங்கப்படாமல் போகின்றார். 'பையனுக்குத் தலைக்கனம்' என்கின்றார். பக்கத்தில் நின்ற மிதிவண்டியின்மேல் மோதுகின்றான், 'குடித்திருக்கின்றான்' என்கின்றனர். நீட்டிய கையை நண்பன் பற்றாமை கண்டு மற்றொருவன் பகைக்கின்றான். ஆடிப்பெருக்கன்று கூடுதுறைப் படித்துறையில் இருள் பிரியுமுன் இறங்க அஞ்சிக் கரையிலே நிற்கின்றான், 'கோழை' என்கின்றனர். இறுதியில் மருத்துவர் அறிவுரைப்படி ஒரு வெள்ளைக் கோலைக் கையிற் கொள்கின்றான். அக்கோலோடு பேருந்தில் ஏறி, அமர்ந்து, மடியிலிருந்த செய்தித்தாளை விரித்துப் படிக்கத் தொடங்குகின்றான். அப்பொழுது வண்டியிலுள்ளோர் சொல்லுவது யாது? 'வேஷக்காரன், சலுகைக்காகக் குருடனாய் நடிக்கின்றான்.' மறுநாள் அவன் கோலை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுகின்றான்.

வாசகர்காள்! அவனைக் கோலின்றி அனுப்பியவர் யார்? கண் என்றால் ஒன்று உண்டு, அல்லது இல்லை என்று நாம் கொண்ட கொள்கையே அன்றோ? முற்றும் காணாதவனுக்கு நாம் இரங்குகின்றோம். முற்றும் காண்பவனோடு நாம் பழகுகின்றோம். இடைப்பட்டவனுக்கு நம் மொழியில் ஒரு நல்ல சொல்லும் இல்லை. 'கண்ணிருந்தும் குருடன்' என்பதை வசைச்சொல்லாகவே வழங்கி வருகின்றோம். அவ்வசை உண்மையாகவே பொருந்தும் மனிதர் நம் தெருவில் நடக்கின்றனர் என்பதை நாம் எண்ணியதில்லை.

இவ்விடத்து மற்றொரு மயக்கத்தையும் நீக்கவேண்டும். இரவில் கண் தெரியாமையை நம்மவர் பொதுவாக மாலைக்கண் என்பர். வைட்டமின் 'ஏ' என்னும் சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் ஒன்று உண்டு. முருங்கைக்கீரை, பப்பாளி, ஈரல் முதலியவற்றாலும் மருந்தாலும் அது நீங்கும். 1970 முதல் இந்திய அரசினர் குழந்தைகளுக்கு அச்சத்தைச் சொட்டு மருந்தாய்க் கொடுத்து வருவதும் அதுபற்றியே. ஆனால் விழித்திரை நோயால் வரும் மாலைக்கண் கீரையால் தீராது. பிள்ளைக்கு இரண்டு மாதம் கீரை கொடுத்தும் மாலைப் பார்வை திருந்தவில்லையாயின், மூன்றாவது மாதமும் கீரையே கொடுத்துக் காலம் போக்குதல் கூடாது. கண் மருத்துவரிடம் காட்டல் வேண்டும். அச்சத்து மருந்தை மருத்துவர் சொல்லாமல் அளவுமீறி உண்பதும் தீது; அது ஈரலைக் கெடுக்கும்; கருவுற்ற மாதர்க்குக் கருவையும் ஊறு செய்யும்.

மருத்துவரிடம் சென்றால் தீருமோ எனின், மெய்யைச் சொல்லல் வேண்டும். இந்நோயை அடியோடு மாற்றும் பொதுவான மருந்து இன்றளவும் இல்லை. ஆர்.பி.இ.65 என்னும் ஒரேயொரு மரபணுப் பழுதினால் பார்வை இழப்பார்க்கு, நல்ல மரபணுவை விழித்திரையின் கீழ்ச் செலுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்க அரசினர் 2017 டிசம்பரில் அனுமதி அளித்தனர். இரு கண்ணுக்கும் அதன் விலை 8,50,000 டாலர் என்று விதிக்கப்பட்டது. ஏனைய மரபணுக்களுக்கு ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. இது வழி தொடங்கிற்று என்பதற்குச் சான்று. வழி முடிந்தது என்பதற்கன்று. ஆதலின் 'மூன்றே மாதத்தில் முழுப்பார்வை' என்று விளம்பரம் செய்வாரிடம் நிலத்தை விற்றுப் பணம் கொடுப்பார் விழித்துக்கொள்வாராக.

அடியோடு தீராது என்பதனால் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று எண்ணுவதும் பிழை. இந்நோயாளர்க்கு இளமையிலேயே கண்புரை வருவதுண்டு, அதனை நீக்கலாம். விழித்திரை நடுவில் நீர்க்கட்டு உண்டாவதுண்டு, அதற்கும் மருந்துண்டு. சிலர்க்குச் செவிப்புலனும் உடன் குறையும். அதனை முன்னறிந்தால் செவிக்கருவியால் கல்வியைக் காக்கலாம். மிகச் சில வகைகள் உணவு முறையாலேயே தடுக்கத்தக்கவை; அவை எவை என்பதைச் சோதித்தே அறிதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, எந்த மரபணு, எவ்வழியில் வந்தது என்று அறிந்தால், உடன்பிறந்தாரும் உறவினரும் தம் விவாகத்தைப் பற்றி விழிப்போடு முடிவு செய்யலாம். பரப்பை அளக்கும் கருவியும் விழித்திரையை நோக்கும் நிபுணரும் இப்பொழுது நமக்குத் தூரத்தில் இல்லை. டாக்டர் வெங்கடசாமி அவர்கள் 1976 இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை, 1997 முதல் கோயமுத்தூரிலும் நடைபெறுகின்றது. காலையிற் பவானியினின்று புறப்பட்டவர் சோதனை முடித்து அன்றே திரும்பலாம்.

சட்டமும் நம் ஜனங்களினும் முன்னே சென்றுவிட்டது. 2016 ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்வையின் கூர்மையை மாத்திரம் கொண்டு குறையை அளக்கவில்லை. காட்சிப் பரப்பு 10 பாகைக்குக் குறைந்தவரைப் பார்வையற்றோர் என்றும், 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை உள்ளவரைக் குறைபார்வையுடையோர் என்றும் அது வகுத்திருக்கின்றது. ஆகவே பேருந்தில் செய்தித்தாள் படித்த இளைஞன், அவன் பரப்பு அவ்வளவிற்குச் சுருங்கியிருப்பின், சட்டத்தின் கண்ணில் பார்வையற்றவனே, வேஷக்காரனல்லன். நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத ஊனமுடையார்க்கு உயர்கல்விச் சாலைகளில் நூற்றுக்கு ஐந்து இடங்களும், அரசாங்க உத்தியோகங்களில் நூற்றுக்கு நான்கு இடங்களும் அச்சட்டம் ஒதுக்குகின்றது. உத்தியோகங்களில் ஒரு பங்கு பார்வைக் குறையுடையார்க்கே உரியது. தேர்வில் எழுதுபவரின் உதவியும் மிகுதி நேரமும் பெறவும் வழியுண்டு. இவ்வுரிமைகளைப் பெறவேண்டின் நோயைச் சொல்லல் வேண்டும். மறைப்பவன் இவற்றையெல்லாம் தானே கைவிடுகின்றான்.

நிற்க, எம் போன்ற கல்லூரிகள் செய்யக்கடவது யாது என்பதையும் கூறி முடிப்போம். முதலாவது, புதிதாய்ச் சேரும் மாணவரின் உடற்சோதனையில் எழுத்துப் பலகையோடு நில்லாது, பரப்பையும் ஒருமுறை பார்த்தல் நலம். எதிரே நின்று, மாணவன் தன் மூக்கை நோக்க, பக்கங்களில் விரலை அசைத்துக் காட்டிச் செய்யும் சோதனைக்குப் பொருட்செலவில்லை. ஐந்து நிமிஷம் போதும். அதில் ஐயம் தோன்றினாரை நிபுணரிடம் அனுப்பலாம். இரண்டாவது, படிகளின் விளிம்புகளில் வெள்ளையோ மஞ்சளோ பூசுவதும், விடுதித் தாழ்வாரங்களில் இரவெல்லாம் விளக்கிருக்கச் செய்வதும், நடைபாதையில் நாற்காலிகளைக் கிடக்கவிடாமல் ஒதுக்குவதும் எளிய காரியங்கள். அவற்றால் பிறர்க்கும் நன்மையுண்டு. மூன்றாவது, படங்காட்டும்பொருட்டு வகுப்பறையை இருட்டாக்கும் ஆசிரியர், பாதியில் யாரேனும் வெளியேற நேர்ந்தால் விளக்கேற்ற மறவாதிருத்தல் வேண்டும். நான்காவது, விளையாட்டு மைதானத்தில் பந்தைத் தவறவிடும் ஒருவனை எள்ளி நகைக்குமுன், அவன் பந்தைக் கண்டானா என்று தனியே வினவுதல் வேண்டும். வினவியதை விடுதி முழுதும் பரப்பாதிருத்தலும் வேண்டும். சொன்னது காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாவிடத்து ஒருவரும் சொல்லார்.

இவை யாவும் சிறியன. ஆயினும் மறைப்பு இத்தகைய சிறியவற்றாலேதான் நீங்கும். ஒருவனைப் பார்த்து 'வெளிப்படையாய்ச் சொல்' என்று உபதேசிப்பது எளிது. அவன் சொன்னால் அவனுக்கு நகைப்பு வருமா, உதவி வருமா என்பது நம் கையில் உள்ளது. நகைப்பே வருமென்று அவன் அறிந்திருக்குமட்டும் அவன் மறைப்பதை நாம் குறை கூற இயலாது.

மாணவ நண்பர்களுக்கு எம்முடைய வேண்டுகோள் இதுவே. விடுமுறையில் உங்கள் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ மாலையானால் சுவரைத் தடவி நடப்பவர் உளரா என்று நோக்குங்கள். உளராயின், அவரைப் பகலில் நன்றாகப் பார்க்கின்றீரே என்று தர்க்கியாதீர்கள். பரப்புக் குறையும் நோய் ஒன்று உண்டு என்பதை எடுத்துச் சொல்லுங்கள்; கோயமுத்தூருக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியோர் உரிமைப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுக்கும்போது, இருவீட்டாரிடையும் யாருக்கேனும் இரவில் கண் தெரியாதிருந்ததுண்டா என்று அச்சமின்றிக் கேளுங்கள். படித்த பிள்ளை அவமதிக்கின்றான் என்று மாமனார் முதலிற் சினப்பார், சினக்கட்டும். பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக அவ்வொரு வினாவைக் கேட்கத் துணியாத கல்வி, நமக்கு வேறு எவ்விடத்தில் பயன்படப்போகின்றது?